தனிவழிப் பயணமும் நமது விழிப்பும்

வானூரில் இரயில் நிலையம் இல்லை. சென்னைக்கோ திருப்பூருக்கோ வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகள் பேருந்து பிடித்துத் திண்டிவனமோ விழுப்புரமோ போய், அங்கிருந்துதான் இரயில் ஏற வேண்டும். வீடு திரும்புவதற்குள் பல நாள் இருட்டிவிடுகிறது. இதற்கு அஞ்சியே, கிடைத்த வேலையையும் கல்லூரி இடத்தையும் மகளை விட்டுவிடச் செய்யும் பெற்றோர் நம் பங்குகளில் உண்டு. அவர்களது அச்சம் பொய்யானது அன்று. ஆனால் அதற்கு விலை அந்தப் பிள்ளையின் எதிர்காலமா?

தோபித்து நூலின் ஐந்தாம் அதிகாரத்தில், பார்வையிழந்த தந்தை தம் மகனைத் தொலைதூரம் அனுப்புகிறார். போகாதே என்று தடுக்கவில்லை. வழி தெரிந்த, நம்பத்தக்க ஒருவரைத் தேடச் சொல்கிறார். வந்தவரிடம் குலமும் குடும்பமும் விசாரிக்கிறார், நாள் கூலியும் பேசுகிறார். (வந்தவர் வானதூதர் இரபேல் என்பது அவருக்குத் தெரியாது. விசாரித்ததற்காக வானதூதரும் கோபித்துக்கொள்ளவில்லை!) இன்று எல்லாருக்கும் வழித்துணை கிடைப்பதில்லை. அந்தத் துணை செய்த வேலையை நாம் வேறு வகையில் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

2025 பிப்ரவரி 6 அன்று கோயம்புத்தூர் - திருப்பதி இன்டர்சிட்டி இரயிலில் நடந்ததை நினைத்துப் பார்ப்போம். நான்கு மாதக் கர்ப்பிணியான ஒரு பெண் மகளிர் பெட்டியில் பயணம் செய்தார். உடனிருந்த பெண்கள் ஜோலார்பேட்டையில் இறங்கிவிட, ஓர் ஆண் உள்ளே ஏறினான். தனித்திருந்த பெண்ணிடம் அத்துமீற முயன்று, அவர் எதிர்த்தபோது கே.வி.குப்பம் அருகே ஓடும் வண்டியிலிருந்து கீழே தள்ளினான். வயிற்றிலிருந்த குழந்தை இறந்தது. அதே ஆண்டு ஜூலையில் திருப்பத்தூர் நீதிமன்றம் அவனுக்குச் சாகும்வரை சிறைத் தண்டனை விதித்தது.

அந்தச் சகோதரி செய்த பிழை எதுவுமில்லை. மகளிர் பெட்டி என்று நம்பித்தான் ஏறினார். ஆனால் ஆளில்லாத மகளிர் பெட்டியைவிட, குடும்பங்கள் நிறைந்த பொதுப்பெட்டி பாதுகாப்பானது என்பதே நம் கருத்து. இந்த மகளிர் பெட்டிகளில் பெரும்பாலும் அடுத்த பெட்டிக்குச் செல்ல உள்வழி இருக்காது. ஆகவே கடைசிப் பெண்கள் இறங்கும் நிலையத்திலேயே நாமும் இறங்கி, ஆட்கள் உள்ள பெட்டிக்கு மாறிவிட வேண்டும். வண்டி நகர்ந்தபின் யோசிக்க இடமில்லை.

அவசரத்தில் 139 என்ற இரயில்வே உதவி எண்ணை அழைக்கலாம். பாதுகாப்புக்கு எண் 1-ஐ அழுத்த வேண்டும். எங்கிருந்தாலும் 112 உண்டு, பெண்களுக்கு 181. ஆபத்து என்றால் அபாயச் சங்கிலியை இழுக்கத் தயங்க வேண்டாம். தக்க காரணமின்றி இழுப்பதைத்தான் சட்டம் தண்டிக்கிறது.

பலர் அறியாத ஒன்றும் உண்டு. 1989-ஆம் ஆண்டு இரயில்வே சட்டத்தின் 139-ஆம் பிரிவின்படி, ஆண் துணையின்றி வரும் பெண்ணைப் பயணச்சீட்டு இல்லை என்பதற்காக நினைத்த இடத்தில் இறக்கிவிட முடியாது. அவர் ஏறிய நிலையம், சந்திப்பு, வண்டி முடியும் நிலையம், மாவட்டத் தலைநகர் நிலையம் இவற்றில் ஒன்றில், அதுவும் பகலில் மட்டுமே இறக்கலாம். சென்னையில் ஏறியவரை விழுப்புரத்தில் பகலில் இறக்கலாம். திண்டிவனத்தில் இறக்க முடியாது. (சீட்டு எடுக்காமல் போக இது அனுமதி அன்று!)

2016 ஜூன் 24 காலை, நுங்கம்பாக்கம் நிலையத்தில் இரயிலுக்குக் காத்திருந்த இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டார். நடைமேடையில் வேறு பயணிகளும் இருந்தனர். அவரது உடல் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் அங்கேயே கிடந்ததைச் சென்னை உயர் நீதிமன்றமே கேள்வி கேட்டது. தனியே செல்பவருக்கு என்னென்ன அறிவுரை சொன்னாலும், அருகில் நிற்பவர்கள் கண்டும் காணாமல் இருந்தால் என்ன பயன்? ஒரு பெண்ணை எவனாவது தொந்தரவு செய்தால், அவனோடு சண்டையிட முடியாதவரும் அவளருகில் போய், "எங்கம்மா போகணும்?" என்று பேச்சுக் கொடுக்கலாம்.

நம் அன்பியங்களும் இதில் உதவலாம். கடைசிப் பேருந்தில் வரும் பிள்ளைகள் யார் யார் என்று விசாரித்து, நிறுத்தத்திலிருந்து வீடுவரை உடன்வர முறைவைத்து இரண்டிரண்டு பேரை அமர்த்தலாம். எவள் எந்த வண்டியில் வருகிறாள் என்பது மட்டும் ஊர் முழுவதும் பரவ வேண்டாம். அவள் வீட்டாருக்கும் அந்த இருவருக்கும் தெரிந்தால் போதும்.