சதுரம் ஆடுது, முக்கோணம் ஆடல

மண்பானைக்குப் பேர் போன ஊர் த்வாண்டே. யாங்கூனிலிருந்து ஆற்றைக் கடந்து போனால், சக்கரத்தில் பானை வனையும் கூடங்களைப் பார்க்கலாம். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கைவேலையை நாம வேற சொல்லித் தரணுமா?

ஆனால் தமிழ் வகுப்பில் உட்கார்ந்ததும் கையைக் கட்டிக்கொள்கிறார்கள். 1960களில் தனியார் பள்ளிகள் அரசுடைமையான பிறகு, இங்கே தமிழ் பெரும்பாலும் கோயிலிலும் வீட்டிலும்தான் பிழைத்துக் கிடக்கிறது. எங்களுக்குக் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம். ‘அம்மா, ஆடு, இலை’ எழுதுவதிலேயே அது போய்விடும். பெயர்ச்சொல் வருது, வினைச்சொல் வரவே மாட்டேங்குது. வீட்டில் பர்மியம் பேசுகிற பிள்ளை ‘வெட்டு, ஒட்டு, மடி, செருகு’ எல்லாம் எங்கே போய்ப் பழகும்?

எனக்கு வழி காட்டியவர் அர்விந்த் குப்தா. கான்பூர் ஐஐடியில் படித்த இன்ஜினியர். 1978இல் வேலைக்கு ஓராண்டு விடுப்புப் போட்டுவிட்டு, மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்துக்குப் போனார். சைக்கிள் வால்வு ட்யூபைச் சிறு துண்டுகளாக வெட்டி, மருந்து சுரண்டிய தீக்குச்சிகளை அதில் செருகி, முக்கோணம், சதுரம், வீடு என்று கட்டிக் காட்டினார். குப்பையிலிருந்து பொம்மை செய்யும் இந்த வேலைக்காகத்தான் 2018இல் பத்மஸ்ரீ.

நாங்கள் வால்வு ட்யூபைத் தேடி அலையவில்லை. குச்சிகளை இணைக்க இந்த ஊர்க் களிமண் உருண்டையே போதும். வீட்டிலிருந்து எரிந்த தீக்குச்சி, பிஸ்கட் அட்டை, பழைய செய்தித்தாள். ஒரே ஒரு விதி: எதைக் கேட்டாலும் தமிழில் கேட்கணும். “சயாமா, குச்சி குடுங்க” என்றார்கள். டீச்சருக்கு இங்கே ‘சயாமா’தான், அதை நான் திருத்துவதில்லை.

முதல் வாரம் ஒரு சிறுமி கட்டிய சதுரம் சாய்ந்துகொண்டே இருந்தது. “ஆடுது” என்றேன். குழம்பிப் போய் என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த ஆடு நாலு காலோடு புல் தின்கிறது! மூலைக்கு மூலை நீளமாய் ஒரு மூங்கில் சிம்பை வைக்கச் சொன்னேன். சதுரம் இரண்டு முக்கோணமானது, நின்றது. “இப்ப ஆடல” என்று அவளே சொன்னாள்.

“படிக்க அனுப்பினா குப்பை பொறுக்க வைக்கிறீங்களா?” என்று ஒரு தாத்தா கோபித்துக்கொண்டார். அவர் கோபத்திலும் நியாயம் உண்டு. எழுத்துப் பயிற்சி அன்றைக்குக் குறைந்துதான் போனது. இப்போது கட்டி முடித்த பிறகு, செய்ததை நாலு வரி எழுதச் சொல்கிறேன்.

டொரான்டோவிலோ சிட்னியிலோ தமிழ் வகுப்பு நடத்துகிறவர்களுக்குக் களிமண் கிடைக்காவிட்டால் ஸ்ட்ரா துண்டு போதும். எங்களுக்கு அடுத்த ஞாயிறு கட்டிப்பால் டப்பா. விளிம்பைத் தட்டி மழுக்கித் தருவதாக ஒப்புக்கொண்டிருப்பவர், அந்தத் தாத்தாதான்.