வேலையாட்கள் நட்டஈடு: யார் பிழை என்று கேளாத சட்டம்

மாணவர்களே, தொழிலாளர் உரிமைகள் பற்றிய வினாவுக்கு விடை எழுதும்போது உங்களிற் பலர் ஊழியர் சேமலாப நிதியையும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியையும் வேலையாட்கள் நட்டஈட்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிடுகிறீர்கள். வகுப்பில் விடைத்தாள் திருத்தும்போது நான் அடிக்கடி காணும் பிழை இது. 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழான சேமலாப நிதிக்கு ஊழியர் 8 சதவீதமும் தொழில்தருநர் 12 சதவீதமும் செலுத்துகின்றனர். 1980 இல் வந்த நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில்தருநர் மட்டும் 3 சதவீதம் செலுத்துகிறார். இவையிரண்டும் மாதந்தோறும் சேரும் பணம். நட்டஈடு அப்படியன்று. அதற்காக ஊழியரின் சம்பளத்தில் ஒரு சதமேனும் கழிக்கப்படுவதில்லை. வேலையால் விபத்து நேர்ந்து ஊழியர் ஊறுபட்டால் தொழில்தருநர் கொடுக்கவேண்டிய தொகையே நட்டஈடு.

இச்சட்டம் ஏன் தோன்றியது என்பதை விளங்கிக்கொண்டால் மற்றவை தாமாகவே மனதில் நிற்கும். இங்கிலாந்தில் 1837 இல் தீர்க்கப்பட்ட "பிரீஸ்ட்லி எதிர் பவுலர்" என்ற வழக்கைப் பாருங்கள். இறைச்சிக் கடைக்காரர் ஒருவரிடம் வேலை செய்த இளைஞன், அளவுக்கு மீறிச் சுமையேற்றிய வண்டி உடைந்து விழுந்ததில் தொடை எலும்பு முறிந்தான். யூரிகள் 100 பவுண் கொடுக்கச் சொன்னார்கள். மேல் நீதிமன்றமோ அத்தீர்ப்பைத் தள்ளிவிட்டது. ஆபத்து இருப்பதை அறிந்துகொண்டே வேலைக்குப் போனவன் எசமானிடம் பணம் கேட்கமுடியாது என்பது அதன் போக்கு. பின்வந்த காலத்தில் எசமான்கள் வழக்கமாக மூன்று பதில்களைச் சொல்லித் தப்பினர்: உன்னுடைய கவனக்குறைவு, உன்னுடன் வேலை செய்தவனின் கவனக்குறைவு, ஆபத்தை நீயே ஏற்றுக்கொண்டாய். கையை இழந்தவன் பிழை எசமானுடையது என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. அதற்கு அவனிடம் பணமுமில்லை, சாட்சியுமில்லை.

1884 இல் ஜேர்மனி விபத்துக் காப்புறுதியைக் கொண்டுவந்தது. 1897 இல் பிரித்தானியா தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தை இயற்றியது. இலங்கையில் 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது. இவற்றின் உயிர்நாடி ஒன்றே. பிழை யாருடையது என்ற வாதம் கைவிடப்படுகிறது. ஊழியர் நிரூபிக்க வேண்டியது, விபத்து தொழிலின் காரணமாக ஏற்பட்டது, தொழில் புரியும்போது ஏற்பட்டது என்ற இரண்டை மாத்திரமே. அதற்கு ஈடாக, கிடைக்கும் தொகைக்குச் சட்டம் ஓர் உச்ச எல்லை வைத்திருக்கிறது. எல்லையில்லாத தொகை வேண்டுமென்றால் குடியியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். ஆனால் அங்கே பிழையை நிரூபித்தாக வேண்டும். இரண்டு வழியிலும் பணம் பெறமுடியாது.

மேற்சொன்ன இரண்டு நிபந்தனைகளையும் பிரித்தறியப் பழகுங்கள். தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டினால் இரண்டும் பொருந்தும். மலையில் நின்று பறிப்பதே வேலை. குளவிக்கூடு அங்கேதான் இருக்கிறது. வேலை நேரத்தில் பழைய காணித் தகராறு காரணமாக வெளியாள் ஒருவன் வந்து அடித்தால், வேலை புரியும்போது நேர்ந்ததுதான். ஆயினும் வேலையின் காரணமாக நேர்ந்தது என்று சொல்வது கடினம். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்துக்கள் 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் உள்ளடக்கப்பட்டன. பழைய குறிப்புகளில் இது இராது. உச்சத் தொகை 550,000 ரூபாவிலிருந்து 2,000,000 ரூபாவாக உயர்ந்ததும் அதே திருத்தத்தினால்தான்.

இனி என் அனுபவம் ஒன்று. சில வருடங்களுக்கு முன் என் வகுப்பு மாணவி ஒருத்தியின் தகப்பன் அரிசி ஆலையொன்றில் நாட்கூலிக்கு வேலை செய்தார். மறைப்பு எதுவும் பூட்டப்படாத இயந்திரப் பட்டியில் அகப்பட்டு வலக்கையின் மூன்று விரல்கள் போயின. முதலாளி ஆஸ்பத்திரிக்கு வந்து, "கவனமில்லாமல் கையை வைத்தது நீ. என்றாலும் பாவம் பார்த்துத் தருகிறேன்" என்று 25,000 ரூபாவைக் கொடுத்து, இனிமேல் எதுவும் கேட்கமாட்டேன் என்று எழுதிய கடிதத்தில் கையொப்பம் வாங்கினார். இடக்கையால் வைத்த கையொப்பம். பிள்ளை வகுப்புக்கு வருவதை நிறுத்தப் போவதாகச் சொன்னபோதுதான் எனக்கு விடயமே தெரியவந்தது.

முதலாளி சொன்ன ஒவ்வொன்றையும் சட்டத்தோடு வைத்துப் பாருங்கள். கவனக்குறைவு உரிமையை நீக்காது. தெரிந்துகொண்டே, வேண்டுமென்று பாதுகாப்பு விதியை மீறினாலோ, பாதுகாப்பு மறைப்பைக் கழற்றினாலோ, மதுபோதையில் இருந்தாலோதான் மறுப்புக்கு இடமுண்டு. "கவனமின்மை" வேறு, "வேண்டுமென்று செய்தல்" வேறு. வினாத்தாளில் புள்ளி போவது இந்த இடத்தில்தான். நாட்கூலி என்பதும் தடையன்று; ஆலைத் தொழிலுக்காகவே அவர் வேலைக்கு அமர்த்தப்பட்டிருந்தார். நட்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதும் ஒப்பந்தம் செல்லுபடியற்றது. ஆகவே அந்தக் கடிதத்துக்குக் கடதாசி விலைதான். நாங்கள் வைத்தியச் சான்றிதழோடு தொழில் அலுவலகத்துக்குப் போனோம். விண்ணப்பம் வேலையாட்கள் நட்டஈட்டு ஆணையாளருக்குப் போனது. பணம் வர ஒரு வருடத்துக்கு மேல் சென்றது. சட்டத்தில் எனக்குள்ள மனக்குறை அந்தத் தாமதம்தான்.

தொகை கணிக்கப்படும் முறை சுருக்கமாக இதுதான். இயலாமை தற்காலிகமானதாயின் அரைமாதக் கொடுப்பனவு. நிரந்தரமானதாயின் மொத்தத் தொகை. நிரந்தர இயலாமை முழுமையானதாகவோ பகுதியளவானதாகவோ இருக்கலாம். எந்த உறுப்பை இழந்தால் உழைக்கும் திறனில் எத்தனை சதவீதம் இழப்பு என்பதற்குச் சட்டத்தில் அட்டவணை உண்டு. பயிற்சிக்காக, ஒருவருடைய சம்பளத்துக்கு முழு இயலாமைத் தொகை 1,000,000 ரூபா எனவும் இழப்பு 30 சதவீதம் எனவும் கொண்டால், அவருக்குரியது 300,000 ரூபா. ஈய நஞ்சு போன்ற தொழில்சார் நோய்களும் விபத்தால் வந்த ஊறாகவே கருதப்படும். ஊழியர் இறந்தால் தொகையைத் தொழில்தருநர் ஆணையாளரிடமே வைப்புச் செய்யவேண்டும். தங்கிவாழ்வோருக்குப் பிரித்துக் கொடுப்பவர் அவர்தான். இடையில் உறவினர் யாரும் பணத்தைச் சுருட்டிவிடாதிருக்க இது நல்ல ஏற்பாடு.

முப்படையினரும் பொலிசாரும் இச்சட்டத்தில் அடங்கார். கடமையில் காயமடையும் அவர்களுக்கு வேறு விதிகள் உண்டு. "எல்லா ஊழியருக்கும்" என்று எழுதிப் புள்ளியை இழக்காதீர்கள்.

பயிற்சி வினா: கட்டட ஒப்பந்தகாரர் ஒருவரிடம் வேலை செய்யும் மேசன் சாரத்திலிருந்து வழுக்கி விழுந்து கால் முறிகிறார். மழை பெய்து பலகை ஈரமாயிருந்ததை அறிந்தும் அவர் ஏறினார் என்று ஒப்பந்தகாரர் கூறுகிறார். நட்டஈடு கோரமுடியுமா? காரணங்களுடன் 6 வரிகளில் எழுதுக.