முவக்கித்தின் நிழற்கடிகாரம்

தொழுகை நேரத்தோடு பிணைந்த கடமையாதலின், நேரங்கணித்தல் முஸ்லிம்களிடையே வெறுங் கைத்தொழிலாக நில்லாது, ‘இல்முல் மீகாத்’ என்னும் கல்வித்துறையாகவே வளர்ந்தது. மம்லூக்கியர் காலத்தில் பெரும் பள்ளிவாசல்களில் ‘முவக்கித்’ என்னும் நேரக்கணிப்பாளருக்குத் தனிப் பதவியே இருந்தது.

அவர்களுள் தலைசிறந்தவர், திமிஷ்க் நகர் உமைய்யாப் பள்ளிவாசலின் முவக்கித்தாக விளங்கிய இப்னு ஷாதிர். (கோபர்னிக்கஸின் சந்திரக் கணிப்பு இவருடையதை அப்படியே ஒத்திருப்பது தனிக்கதை.) ஹிஜ்ரி 773இல் (கி.பி. 1371-72) ஏறத்தாழ 2 மீட்டர் நீளச் சலவைக்கல்லில் நிழற்கடிகாரமொன்றைச் செதுக்கி, அப்பள்ளியின் மினாராவில் அமைத்தார். முன்னையோர் பகலைப் பன்னிரண்டாகப் பகுத்தனர். அம்மணி கோடையில் நீளும், குளிர்காலத்தில் குறுகும். இவரோ நிழல் வீழ்த்தும் கோலைப் பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்து நிறுத்தினார். அதனால் ஆண்டு முழுதும் சம அளவான மணிகளை நிழல் காட்டிற்று. உதயத்திலிருந்து கடந்த பொழுதும், அஸ்தமனத்திற்கு எஞ்சிய பொழுதும், அஸ்ரும் அக்கல்லில் கோடுகளாயின. பிற்காலத்தில் அது உடைந்துபோகவே, பத்தொன்பதாம் நூற்றாண்டில் தந்தாவி என்பார் அதைப் போலவே மற்றொன்று செய்து வைத்தார்.

நண்பகல் நிழல் நீங்கலாக, ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்தை எட்டினால் ஷாஃபிஈ மத்ஹபில் அஸ்ர் தொடங்கும். இமாம் அபூஹனீஃபாவின் கருத்தில் இருமடங்காக வேண்டும். இப்பாடத்தை அரபிக் கல்லூரிகளில் ஆண்டுதோறும் நடத்துகிறோம். முற்றத்தில் கோல் நட்டு அந்நிழலை அளந்த மாணவர் எத்தனை பேர்? கரும்பலகையில் வரைந்து காட்டியதோடு நாமும் நிறுத்திக்கொண்டவர்களே. பாங்குக்குச் சுவரிலுள்ள அட்டவணையைத்தான் பார்க்கிறோம்.