கூட்டுத் தொழிலா? வெளியேறும் வழியையும் இப்போதே பேசுங்கள்

நம் சபைக் குடும்பங்களில் தொழில் செய்கிறவர்களைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். ஒருவர் வீட்டிலேயே கேக் செய்து இன்ஸ்டாகிராமில் ஆர்டர் எடுக்கிறார். இன்னொருவர் சேலைகளை வரவழைத்து வாட்ஸ்அப் குழுவில் விற்கிறார். இரண்டு நண்பர்கள் சேர்ந்து சாப்பாட்டுக்கடை திறந்து, டெலிவரி செயலிகளில் பதிந்திருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட தொழிலில் பெரும்பாலும் இரண்டு கூட்டாளிகள் உண்டு. ஒருவர் பணமும் உழைப்பும் போட்டு நம் பக்கத்தில் நிற்கிறவர். மற்றவர் நாம் நேரில் பார்க்காதவர். நம் கடை நடக்கும் டிஜிட்டல் தளத்தின் சொந்தக்காரர். இருவரோடும் உறவு எப்படித் தொடங்கியது என்று கேட்டால் எல்லோரும் மகிழ்ச்சியோடு சொல்வார்கள். எப்படி முடித்துக்கொள்வீர்கள் என்று கேட்டால்தான் பதில் வராது.

அடுத்தவர் நிலத்தில் ஒரு பண்ணை

2007இல் அமெரிக்காவில் தொடங்கிய ஸிங்கா நிறுவனத்தைப் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். அது 2009இல் வெளியிட்ட ஃபார்ம்வில் விளையாட்டை உங்கள் அம்மா அப்பாவைக் கேட்டால் தெரியும். ஃபேஸ்புக்கில் விதை போட்டு, அறுவடை செய்து, நண்பர்களுக்குப் பரிசு அனுப்பும் விளையாட்டு அது. ஒரு கட்டத்தில் மாதத்துக்கு 8 கோடிக்கும் அதிகமானோர் அதை விளையாடினார்கள்.

அந்த வளர்ச்சிக்கு வாசல் ஃபேஸ்புக்தான். விளையாட்டு அனுப்பும் அறிவிப்புகள் நண்பர்களை இழுத்துவந்தன. 2010இல் ஃபேஸ்புக் அந்த அறிவிப்புகளைக் கட்டுப்படுத்தியது. அதே ஆண்டு மே மாதம் இரு நிறுவனங்களும் 5 ஆண்டு ஒப்பந்தம் செய்தன. ஃபேஸ்புக்கின் கட்டண முறையை ஸிங்கா பயன்படுத்த வேண்டும். அதில் வரும் பணத்தில் 30% ஃபேஸ்புக்குக்கு.

2011இல் ஃபேஸ்புக்கின் மொத்த வருவாயில் 12% ஸிங்காவால் வந்தது. ஸிங்காவுக்கோ, ஏறத்தாழ முழு வருவாயும் ஃபேஸ்புக் வழியாகவே வந்தது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிரிந்தால் ஒருவருக்குக் கை வலிக்கும். மற்றவருக்கு மூச்சே நிற்கும்.

2012 நவம்பரில் ஒப்பந்தம் திருத்தப்பட்டது. ஸிங்காவுக்கு இருந்த தனிச் சலுகைகள் அடுத்த மார்ச்சோடு முடிந்தன. மக்கள் கைபேசி விளையாட்டுகளின் பக்கம் போய்விட்டதும் சேர்ந்துகொள்ள, 2013 ஜூனில் 520 பேரை வேலையிலிருந்து நிறுத்துவதாக ஸிங்கா அறிவித்தது. அது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஊழியர்கள். பிறகு கைபேசி விளையாட்டுகளில் கால் ஊன்றிப் பிழைத்தது. 2022இல் டேக்-டூ நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது.

ஃபேஸ்புக் இல்லாமல் ஃபார்ம்வில் அவ்வளவு பேரிடம் போயிருக்காது. ஆகவே தளத்தைப் பயன்படுத்துவது தவறல்ல. வாடிக்கையாளரிடம் போக வேறு பாதையே இல்லாமல் இருப்பதுதான் ஆபத்து. உங்கள் இன்ஸ்டாகிராம் கணக்கு நாளை முடங்கினால், வழக்கமாக ஆர்டர் தரும் 50 பேருடைய தொலைபேசி எண்கள் உங்கள் கையில் இருக்கின்றனவா? அவர்கள் சம்மதத்தோடு அவற்றை இன்றே குறித்து வையுங்கள். அதுவே உங்கள் சொந்த நிலம்.

பக்கத்தில் நிற்கும் கூட்டாளி

இனி மற்றக் கூட்டாளி. "நாங்கள் சின்ன வயதிலிருந்தே சபையில் ஒன்றாக வளர்ந்தவர்கள், எங்களுக்குள் எழுத்து எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. நாம் வாழும் பிரித்தானியாவில், நீங்கள் எழுதாவிட்டால் சட்டம் உங்களுக்காக எழுதி வைத்திருக்கிறது. அது 1890ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம். லாபம் நோக்கி இருவர் சேர்ந்து தொழில் நடத்தினாலே அவர்கள் கூட்டாளிகள். கையெழுத்து தேவையில்லை.

ஒருவர் 8,000 பவுண்டும் மற்றவர் 2,000 பவுண்டும் போட்டிருந்தாலும், வேறு உடன்பாடு இல்லையென்றால் லாபமும் நட்டமும் சரிபாதி. தொழிலுக்காக ஒருவர் வாங்கும் கடன் மற்றவரையும் கட்டும். சொந்தச் சேமிப்பும் தப்பாது. கால வரையறை பேசாத கூட்டை எவரும் ஓர் அறிவிப்பால் கலைத்துவிடலாம். கூட்டாளி ஒருவர் இறந்தாலும், மாற்று ஏற்பாடு இல்லாவிட்டால் கூட்டு கலைந்துவிடும்.

இவற்றில் எது உங்களுக்குப் பொருந்தாதோ, அதை மாற்றும் உரிமை உங்களுக்கு உண்டு. அதற்குத்தான் ஒப்பந்தம். அது சந்தேகத்தின் அடையாளம் என்று நினைக்காதீர்கள். கடை உடைந்தால் இன்னொரு கடை போடலாம். ஞாயிறுதோறும் ஒரே ஆராதனைக்கு வரும் இரண்டு குடும்பங்கள் முகம் பாராமல் போனால், பிள்ளைகளின் நட்பும் சேர்ந்து உடைகிறது.

முதல் ஆர்டருக்கு முன் பேசவேண்டியவை

• யார் எவ்வளவு பணம், எத்தனை மணி நேரம் போடுகிறார்கள்? லாபத்தை எப்படிப் பிரிப்பது?

• எவ்வளவு தொகைக்கு மேல் செலவு செய்ய இருவரின் சம்மதமும் வேண்டும்?

• இன்ஸ்டாகிராம் கணக்கு யாருடைய மின்னஞ்சலில் இருக்கிறது? பிரிந்தால் அந்தப் பெயரும் பின்தொடர்வோரும் யாருக்கு?

• ஒருவர் திருமணம், வெளிநாட்டு வேலை, நோய் காரணமாக விலகினால் அவருடைய பங்குக்கு விலை போடுவது எப்படி?

• தளம் கட்டணத்தை உயர்த்தினால் விலையைக் கூட்டுவோமா, வேறு தளத்துக்குப் போவோமா?

ஒரு தேநீர் நேரத்தில் இவற்றைப் பேசி, எழுதி, ஒரு கணக்காளரிடமோ வழக்கறிஞரிடமோ காட்டிக் கையொப்பமிடுங்கள். ஒருவரையொருவர் பிடித்திருக்கும் இந்தக் காலத்தில்தான் நியாயமாகப் பேச முடியும். கோபம் வந்தபின் எழுத உட்கார்ந்தால், இருவர் கையிலும் பேனா ஓடாது.