இணையத்திற் கேட்கும் பழங்குரல்கள்

எழுத்துகள் தமக்குரிய மாத்திரையைக் கடந்து ஒலித்தல் இசைநூலார்க்குரிய செய்தி என நூன்மரபின் இறுதியில் ஒதுக்கிவைத்தார் தொல்காப்பியர். எழுத்திலக்கணம் கூறப் புகுந்தவர்க்கு அஃது ஏற்ற எல்லையே. ஆயின் அவ்வெல்லைக்கு அப்பால் நின்ற ஒலி, பாடியவரோடும் பேசியவரோடும் மறைந்தது. தேவாரப் பண்களின் பெயர்களை நாம் அறிவோம். சம்பந்தர் பாடிய குரலை அறியோம். எடிசன் 1877-இல் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்ட பின்னரே இந்நிலை மாறத் தொடங்கிற்று.

சேகரிப்பாளர்தம் பேழைகளுள் அடைபட்டுக் கிடந்த பழைய பதிவுகள் பல இன்று இணையத்தில் ஏறியுள்ளன. விருதுநகரில் இருக்கும் மாணவர் ஒருவர் தம் கைப்பேசியிலேயே தொண்ணூறு ஆண்டுக்கு முற்பட்ட நாடகப் பாட்டினைக் கேட்டு மகிழலாம். மகிழ்ச்சியோடு அமைந்துவிடுவதே குறை. ஏட்டுச்சுவடி ஒன்று கிடைப்பின், அஃது எவர் எழுதிய படி, எதனைப் பார்த்து எழுதியது, எவ்விடத்துச் சிதைந்தது என்றெல்லாம் வினவும் தமிழாசிரியர், ஒலிப்பதிவினை அவ்வாறு வினவுவதில்லை. ஒலிப்பதிவும் ஒரு சுவடியே. அதற்கும் பாடவேறுபாடு உண்டு. அவ்வாறு கேட்பதனால் சுவை குறையாது என்பதும் என் துணிபு.

இந்தியாவில் வணிக முறையிலான இசைத்தட்டுப் பதிவு, 1902 நவம்பரில் கல்கத்தாவில் பிரெட் கெய்சுபெர்க்கு என்பாரால் தொடங்கப்பெற்றது. அவர் பதிந்தவை செர்மனியின் ஆனோவர் நகருக்குக் கப்பலேறி, ஆங்கு அரக்குத் தட்டுகளாக அழுத்தப்பெற்று மீண்டு வந்தன. கல்கத்தாவிலேயே தட்டு அழுத்தும் ஆலை ஏற்பட்டது 1908-இல். இந்திய மொழி எதுவும் அறியாத செர்மானியத் தொழிலாளர் ஒரு தட்டினை மற்றொன்றிலிருந்து பிரித்தறிதல் எங்ஙனம்? பாட்டு முடிந்ததும் பாடியவர் தம் பெயரைத் தாமே உரக்கச் சொல்லிவிடுவர். கவுகர் சான் என்னும் பாடகியார் ஆங்கிலத்தில் தம் பெயரைக் கூறி முடிக்கும் பதிவுகள் பெயர்பெற்றவை. நம் கீர்த்தனங்களின் ஈற்றில் ஆசிரியர் முத்திரை அமைவதனை இஃது ஒருவாறு ஒத்துளது. ஒன்று புலமை மரபால் வந்தது, மற்றொன்று ஆலைத் தேவையால் வந்தது என்பதே வேறுபாடு. இணையத்தில் ஏற்றுவோருட் சிலர், பாட்டன்று என்று கருதி இவ்வறிவிப்பினை வெட்டிவிடுகின்றனர். சுவடியின் இறுதிக் குறிப்பினைக் கிழித்தெறிவதனோடு இதனை ஒப்பிடலாம்.

தமிழ்த் தட்டுகளைத் தேடுவார்க்கு ஒடியன் நிறுவனத்தின் தட்டுகள் நல்ல தொடக்கம். அந்நிறுவனம் 1930-களில் சென்னையிலும் கிளை வைத்துக் கருநாடக இசை, நாடகப் பாட்டு, தொடக்ககாலத் திரைப்பாட்டு, நகைச்சுவை உரையாடல் ஆகியவற்றை வெளியிட்டு, 1938-இல் இந்தியத் தொழிலை நிறுத்தியது. எஞ்சிய தட்டுகளுட் பலவற்றை மும்பையிலுள்ள இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கத்தைச் சார்ந்தோர் திரட்ட, பிரித்தானிய நூலகத்தின் அருகிவரும் ஆவணங்களுக்கான திட்டத்தின்கீழ் அவை எண்ணிமப்படுத்தப்பெற்றன. 2023 அக்டோபரில் அந்நூலகத்தின் கணினிகள் தாக்குதலுக்கு உள்ளாகிப் பல பணிகள் மாதக்கணக்கில் முடங்கின. ஓலைக்குக் கரையான் போல இணையத்திற்கும் பகை உண்டு. ஆதலின் இணைய முகவரியை மட்டும் குறித்துவைப்போர் ஏமாறுவர். தட்டின் முகப்பில் அச்சிட்ட எண்ணையும், தட்டிலேயே பொறித்த பதிவு எண்ணையும் குறித்துக்கொண்டவர் அதே பதிவினை வேறிடத்துத் தேடிப் பெறலாம்.

தேடுதலில் மற்றோர் இடர் பெயரெழுத்து. தட்டுகளின் முகப்பில் தமிழ்ப்பெயர்கள் உரோம எழுத்தில் மனம்போனவாறு அச்சாயின. பட்டியல் செய்தோர் அவற்றை அவ்வாறே படியெடுத்தனர். ஒரே பெயரை நான்கைந்து வகையாக எழுதித் தேடுவதே வழி. பாடகர் பெயரால் அகப்படாதது நாடகத்தின் பெயரால் அகப்படும். அதுவும் தவறின் பாட்டின் முதற்சொல்லால் அகப்படும். அக்காலத்துத் தட்டுப் பாட்டுகள் சிறு பாட்டுப்புத்தகங்களாகவும் அச்சாகி விற்பனையாயின. அத்தகைய வெளியீடுகள் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திற் காணக் கிடைக்கின்றன. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு தட்டினைக் கேட்குங்கால், பாடகர் விட்ட அடியும் சேர்த்த சொல்லும் உடனே புலனாம். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும். அதனுள் அடங்கச் சரணங்கள் சுருங்கின. ஆலாபனை சில நொடிகளாயிற்று. தட்டிற் கேட்டதனையே முழுப்பாட்டென்று கொண்டு பதிப்பித்தல் பிழையாகும்.

இவற்றினும் நுட்பமானது சுழற்சி விரைவு. தட்டுகளை நிமிடத்திற்கு 78 சுற்று என்று பொதுவாகக் கூறினும், பழைய தட்டுகள் பல அதனிற் குறைந்தும் மிகுந்தும் பதியப்பெற்றவை. 72 சுற்றிற் பதிந்ததனை 78 சுற்றில் ஓட்டினால், சுருதி ஒரு சுரத்தானத்திற்கு மேல் உயரும். ஐந்து கட்டையிற் பாடியவர் ஐந்தரைக் கட்டையையும் கடந்து பாடியதாகத் தோன்றும். இஃது எண் விளையாட்டன்று. செங்கோட்டை கிட்டப்பா 1906-இற் பிறந்து 1933-இல் மறைந்தவர். திரைப்படம் எதிலும் நடித்திலர். அவர் குரலை நாம் அறிவது தட்டுகளால் மட்டுமே. ஒலிபெருக்கியின்றிக் கடைசி வரிசை வரை கேட்கப் பாடிய நாடகக் கலைஞர்தம் சுருதி இத்துணைக் கட்டை எனத் தட்டினைக் கேட்டு உறுதி கூறுவோர், அத்தட்டினை எண்ணிமமாக்கியவர் எவ்விரைவில் ஓட்டினார் என்று முதலில் வினவுதல் வேண்டும். குரல் மெலிந்து சிறுபிள்ளைத் தன்மை பெற்று, தாளம் இயல்புக்கு மீறி ஓடுமாயின் ஐயுறுக.

இசை நீங்கலாகப் பேச்சும் உண்டு. கிரியர்சன் நடத்திய இந்திய மொழிகளின் அளவாய்வில் சென்னை மாகாணம் களமாக அமையவில்லை. எனினும் அவ்வளவாய்வினைச் சார்ந்து 1913-க்கும் 1929-க்கும் இடையே பதியப்பெற்ற தட்டுகளில் தமிழும் இடம்பெற்றது. சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் தெற்காசிய எண்ணிம நூலகம் இவற்றை இணையத்தில் ஏற்றிற்று. ஒப்புநோக்கற் பொருட்டு, விவிலியத்திலுள்ள கெட்டழிந்த மைந்தன் கதையையே மொழிதோறும் சொல்லச் செய்தனர். கதை ஒன்றேயாதலின், அண்டை மொழிப் பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்பது தனி இன்பம். சொல் விளங்காவிடினும் கதை விளங்கும்.

இனி எம் மாவட்டத்திற்கு வருவோம். சிவகாசியை உலகம் அறிந்தது தீப்பெட்டியாலும் வெடியாலும் நாட்காட்டிப் படத்தாலும் ஆம். அப்படங்களைப் பற்றிக் கஜ்ரி ஜெயின் எழுதிய ஆய்வுநூல் 2007-இல் வெளிவந்தது. அவ்வூர்க் குரல்களைப் பற்றிய கவனமோ குறைவு. நாடகக் கலைஞர் விசுவநாததாசு 1886-இல் சிவகாசியிற் பிறந்தவர். விடுதலைப் பாட்டினை மேடையிற் பாடியமைக்காகப் பன்முறை சிறை புக்கவர். 1940 திசம்பர் 31 அன்று சென்னையில் முருகனாக வேடமேற்று மேடையிலேயே உயிர்நீத்தார். அவருடைய மேடைக் குரலை நேரிற் கேட்ட தலைமுறை ஏறக்குறைய மறைந்துவிட்டது. அவர் பாடிய வகைப் பாட்டுகளை வேறு வாயிலாகக் கேட்டறிந்த முதியோர் இன்னும் சிலர் உளர். அவர்களைப் பதிவுசெய்து, நாள், ஊர், பாடியவர் குறிப்புடன் இணையத்தில் இடுதல் இங்குள்ள கல்லூரிகளால் இயலும் செயல்.

விருதுநகரிற் பிறந்த காமராசர் (1903–1975) திறத்தில் நிலை வேறு. அவர்தம் மேடையுரைகளின் ஒலிப்பதிவு இணையத்திற் கிடைக்கின்றது. அடுக்குமொழி மேடையை ஆண்ட காலத்தில், அவர் வீட்டிற் பேசுவது போலவே மக்கள் முன் பேசினார். ‘-ன்னேன்’ என்று வாக்கியத்தை முடிக்கும் அவர் இயல்பு பலரும் அறிந்ததே. அச்சில் வந்த உரைகளோ பெரும்பாலும் எழுத்துத் தமிழாகத் திருத்தப்பெற்றவை. திருத்தியவர் நல்லெண்ணத்தாற் செய்திருப்பர். ஆயினும் 1950-களின் விருதுநகர்ப் பேச்சுவழக்கிற்கு அவ்வச்சு சான்றாகாது, ஒலிப்பதிவே சான்றாம். ஒலிப்பதிவிலிருந்து பேச்சினை உள்ளவாறே எழுதிக்கொண்டு, அச்சுப் படியோடு வைத்து வேறுபாடு குறிக்கும் பயிற்சியை எம் முதுகலை வகுப்பில் தொடங்கியுள்ளோம். பத்து நிமிடப் பதிவு ஒன்றனுக்கு மாணவர்க்கு இரண்டு பிற்பகல்கள் தேவைப்பட்டன. இடையிடையே எழுந்த கைதட்டலையும் சிரிப்பையும் எவ்வாறு குறிப்பது என்னும் வினா இன்னும் முடிவுபெறவில்லை.