கயிற்றுக்கு அந்தப் பக்கம்

சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஊட்டி மலர்க் கண்காட்சிக்குக் கதவு திறக்கும் முன்பே தாவரவியல் பூங்காவுக்குள் நுழைந்துவிட்டேன்! பத்திரிகைப் புகைப்படக்காரர் ஒருவரின் ஸ்டாண்டைத் தோளில் போட்டுக்கொண்டு 'அசிஸ்டென்ட்' வேஷம். பேரைப் போடக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். அண்ணன் என்றே வைத்துக்கொள்வோம்.

வாங்க, கயிற்றைத் தாண்டுங்கள். கால் பத்திரம்! எங்கு பார்த்தாலும் ஈரச் சாக்கு, ஒடிந்த கார்னேஷன் காம்பு, கிழிந்த அட்டைப்பெட்டி. முன்பக்கம் பூவாக ஜொலிக்கும் உருவத்துக்குப் பின்பக்கம் வெறும் கம்பியும் சணலும்தான். ஏழெட்டு கேமராக்காரர்கள் ஒரே பிளாஸ்டிக் ஸ்டூலுக்கு அடித்துக்கொள்கிறார்கள். "யோவ், போன வருஷம் நீ மறைச்ச அமைச்சரோட காது இன்னும் கெடைக்கல!" ரிப்பன் வெட்டினார்கள், படபடவென்று க்ளிக், முடிந்தது.

அண்ணன் பின்பக்கம் நழுவுகிறார். ராத்திரி முழுக்கப் பூச் செருகிய அம்மா ஒருவர் கம்பிக்கூட்டின் நிழலில் டிபன் பாக்ஸைத் திறந்திருக்கிறார். "எடுக்கட்டுங்களாம்மா?" "சோறு திங்கறதையா?" முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். அந்தச் சிரிப்புக்கு ஒரே ஒரு க்ளிக். பேர், ஊர், எத்தனை வருஷ வேலை என்று கேட்டு உள்ளங்கையில் பேனாவால் கிறுக்கிக்கொள்கிறார்.

டீக்கடை. ஸ்கூட்டர் சீட்டில் லேப்டாப், மேலே குடை, கீபோர்டு முழுக்க ஊட்டி வர்க்கித் தூள். போனில் ஆபீஸ் கத்துகிறது: "அமைச்சர் எங்கே?" முதலில் அமைச்சர் போகிறார், பிறகுதான் டிபன் பாக்ஸ் அம்மா. "போடுவாங்களா?" என்றேன். "போடலைன்னா என்ன, பெட்டிக்குப் போகும்."

அந்தப் பெட்டியைப் பார்க்கத்தான் வழியெல்லாம் நச்சரித்தேன். போகிற வழியில் தேயிலைச் சரிவில் ஒரு கல்யாண ஜோடிக்குப் படப்பிடிப்பு: கலர் புகை, ட்ரோன், செடியில் சிக்கிக் கிழிந்த கவுனுக்கு ஊக்கு குத்தும் தங்கை. "அந்தக் கேமராத் தம்பி ஒரு நாள்ல வாங்கறது எனக்கு ஒரு மாசம்" என்று அண்ணன் கண்ணடிக்கிறார்.

வீடு. பீரோவுக்குள் ஒரு குண்டு பல்பு எரிகிறது! ஊட்டி ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்காமலிருக்க இந்த வைத்தியம். அடித்தட்டில் இரும்புப் பெட்டி, அதற்குள் நெகட்டிவ் உறைகள். சில 'இந்து' ஃபிலிம். இதே ஊரில், இந்து நகர் தொழிற்சாலையில் செய்தது. எம்.ஜி.ஆர். கழுத்துக் கட்டோடு கைகூப்பும் படம் தமிழ்நாட்டுச் சுவரெல்லாம் ஏறிய அதே 1967-ல்தான் அங்கே உற்பத்தி தொடங்கியது. தொழிற்சாலை மூடிக் கிடக்கிறது. ஃபிலிம் இன்னும் பேசுகிறது.

அந்தக் காலத்தில் ரோலைக் கவரில் போட்டு, சேரன் பஸ் கண்டக்டர் கையில் திணித்துக் கோவைக்கு அனுப்புவாராம். "பாதி கண்டக்டருங்க என் சொந்தக்காரங்க மாதிரி."

ஒவ்வொரு உறையிலும் ஒரு துண்டுச்சீட்டு: யார், எங்கே, எப்போது. 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிறகு ஒருவர் கதவைத் தட்டியிருக்கிறார். அண்ணன் அதற்கு முன்பு எடுத்த ஒரு கோயில் திருவிழாப் படத்தின் ஓரத்தில் அவர் வீடு இருந்தது. அது நின்ற இடத்துக்கு அவரிடம் வேறு அடையாளமே இல்லை. அன்று சாமியைத்தான் எடுத்தார் அண்ணன். வீடு தானாக வந்து நின்றுகொண்டது.

2021 டிசம்பர் 8, நஞ்சப்பசத்திரம். ஜெனரல் பிபின் ராவத் சென்ற ஹெலிகாப்டர் எரிந்த காட்சியை உலகமே பார்த்தது. அண்ணன் எனக்குக் காட்டுவது வேறு: காயம்பட்டவர்களைத் தூக்கக் கம்பளி கொண்டு ஓடிய ஊர்க்காரர்கள், கரி படிந்த கையோடு சாலையோரம். இவர்கள் பேரும் சீட்டில் இருக்கிறது.

கல்யாண ஆல்பம் அந்த வீட்டுக்குப் பொக்கிஷம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அழகுப் படத்துக்கு விலை எடுத்த அன்றே முடிந்துவிடுகிறது. செய்திப் படத்துக்கு ஏறிக்கொண்டே போகிறது. ஏற்றிவிடுவது லென்ஸ் இல்லை, அந்தச் சீட்டு. கண்காட்சி அம்மாவின் பேரும் உள்ளங்கையிலிருந்து சீட்டுக்கு மாறுகிறது.

போன் அடிக்கிறது. குன்னூரில் ரோட்டு நடுவே காட்டெருமை! அண்ணன் பாதி ஸ்வெட்டரோடு ஓடுகிறார். "சீக்கிரம் ஏறுங்க! ஹெல்மெட் ஒண்ணுதான் இருக்கு, அது கேமராவுக்கு!"