அமெரிக்காவில் ஓகே... லண்டனில் குற்றம்! இந்த மடக்குக் கத்தி விஷயத்தில் உஷார்

அமெரிக்காவில் இருக்கும் அண்ணன், லண்டனில் இருக்கும் தம்பிக்கு ஆசையாக ஒரு மடக்குக் கத்தியை வாங்கி, செக்-இன் லக்கேஜில் வைத்து எடுத்துவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது 'அசிஸ்டட் ஓப்பனிங்' ரகமாக இருந்தால், சிக்கல் ஆரம்பம்!

அலகில் உள்ள குமிழைக் கட்டைவிரலால் லேசாகத் தள்ளினால் போதும். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் மீதி வேலையைப் பார்த்துவிடும். கைப்பிடியில் பட்டனை அழுத்தித் திறக்கும் பட்டன் கத்தி வேறு.

இந்த வித்தியாசம்தான் அமெரிக்காவில் அதைக் காப்பாற்றியது. பட்டன் கத்தி வியாபாரத்தைக் கட்டுப்படுத்த அங்கே 1958-ல் சட்டம் வந்தது. 2009-ல் இந்த ரகத்தையும் அதில் சேர்க்கப் பார்த்தது சுங்கத்துறை. எதிர்ப்பு கிளம்பவே, அதே ஆண்டில் நாடாளுமன்றம் விலக்கு அளித்துவிட்டது. (மாநிலச் சட்டங்கள் தனிக்கதை!)

பிரிட்டன் போனது நேரெதிர் திசையில். பாதி திறந்த பிறகு தானாக முழுவதும் திறந்தாலும் அது பட்டன் கத்திதான் என வரையறையை விரித்தது 2019-ம் ஆண்டுச் சட்டம். இங்கிலாந்து, வேல்ஸில் 2021 ஜூலை 14 முதல் வீட்டு டிராயரில் வைத்திருப்பதே குற்றம். 'ஆப்பிள் நறுக்கத்தான் வெச்சிருக்கேன்' என்பதெல்லாம் எடுபடாது.

காரணம் சொல்லாமல் பாக்கெட்டில் வைத்துக்கொள்ள அங்கே அனுமதி இருப்பது, 3 அங்குலத்துக்கு மிகாத, லாக் ஆகாத சாதாரண மடக்குக் கத்திக்கு மட்டுமே. லாக் ஆகும் கத்தியைத் தக்க காரணமின்றி வெளியே எடுத்துச் சென்றால், 4 ஆண்டுகள் வரை சிறை. தம்பிக்குக் கீசெயினில் தொங்கும் குட்டி சுவிஸ் கத்தியே போதும்!